கையோடு சென்ற பாட்டு

கண்டி நகரிலிருந்து கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை முதலிய ஊர்களுக்கு மாலை வேளையில் புறப்படும் பேருந்துகளில், அரிசி மூட்டையோடும் மாவுப் பையோடும் ஏதாவதொரு பாட்டுப் பெட்டியும் மலையேறிச் செல்வது பல்லாண்டுகளாக நிகழ்ந்துவரும் காட்சியாகும். அப்பெட்டியின் உருவம் காலத்துக்குக் காலம் மாறிற்று. தோள்பை அளவாயிருந்தது உள்ளங்கை அளவாயிற்று. பின்னர் விரல் நகத்தின் அளவான ஓர் அட்டைக்குள் ஆயிரம் பாட்டுகள் அடங்கலாயின. ஆயினும், அதை வாங்க வந்தவர் கடைக்காரரிடம் கேட்ட முதற் கேள்வி மட்டும் நெடுங்காலம் மாறவேயில்லை. ஓசை இனிமையானதா என்பதன்று அக்கேள்வி. இதற்கு எத்தனை பற்றரி வேண்டும், அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்பதே அது.

அக்கேள்வியின் காரணத்தை அறிய மலைநாட்டின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் 1820களில் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் தொடங்கிய பின்னர், தமிழகத்தின் திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளை மார்க்கமாகக் கண்டிச் சீமையை அடைந்தனர். 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதே ஆண்டிலேதான் கண்டிக்கு இரயிலும் வந்து சேர்ந்தது. நடந்து வந்தவர்களிடம் சுமக்கத்தக்க பொருள் அதிகம் இல்லை. தப்பு வந்தது, உருமி வந்தது, தாலாட்டும் ஒப்பாரியும் நெஞ்சுக்குள் வந்தன. தப்பு தோட்டத்திலே புதியதொரு வேலையையும் பெற்றது. விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு வரச்செய்யும் அழைப்பு மணியாக அது முழங்கியது. மலைநாட்டில் முதன்முதலாகக் கையோடு சென்ற இசைக்கருவி அதுவே எனலாம். அதற்குப் பற்றரி வேண்டியிருக்கவில்லை; நெருப்பிலே காய்ச்சினாற் போதும்.

இயந்திர இசை மலையேறியது கிராமபோன் உருவில். கைப்பிடியால் சாவி கொடுத்து, ஊசியை இசைத்தட்டின் மேல் வைத்தால் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம் பாடும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் எம். கே. தியாகராஜ பாகவதரும் கடல் கடந்து ஒலித்தது இவ்விசைத்தட்டுகளின் வழியே. பெட்டிபோல் மூடித் தூக்கிச் செல்லும் கிராமபோன்களும் விற்பனைக்கு வந்தன. மின்சாரமே வேண்டாத அக்கருவி மலைநாட்டுக்கு மிகவும் பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் விலை பொருந்தவில்லை. துரைமார் பங்களாவையும் பெரிய கங்காணியின் வீட்டையும் கடந்து அது லயத்துக்கு இறங்கியது அரிது. 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் கட்டப்பட்ட அறையிலே ஒரு குடும்பமே வாழ்ந்தபோது, உடையும் தன்மையுள்ள இசைத்தட்டுகளை அடுக்கி வைக்க இடமேது?

வானொலியின் கதை வேறு. கொழும்பிலே தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் கிராமபோன் இசையை வானலையில் அனுப்பிப் பரீட்சித்த பின்னர், 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அதன் பின் இருபதாண்டுகளில் வந்த பெரிய மாற்றத்துக்கும் கண்டிக்கும் நேரான தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு தம் தலைமையகத்தை 1944 ஏப்ரலில் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்தின் மர நிழலிலே போர்த் திட்டங்கள் தீட்டப்பட்டன. அப்படைவீரர்களுக்கென நிறுவப்பட்டதே ‘ரேடியோ சீயாக்’. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் அமைக்கப்பட்ட 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி 1946 இல் இயங்கத் தொடங்கியபோது போரே முடிந்துவிட்டது! 1949 இல் அந்நிலையம் இலங்கை வசமாயிற்று. அடுத்த ஆண்டு தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அப்பலத்தைக் கொண்டே இந்தியாவெங்கும் கேட்டது. 1952 முதல் சில ஆண்டுகள் அகில இந்திய வானொலி திரைப்படப் பாடல்களைக் குறைத்துக்கொள்ளவே, தமிழகத்து நேயர்களும் கொழும்பை நாடினர். எஸ். பி. மயில்வாகனன் அவர்களின் குரலை அறியாத தமிழ் வீடு அக்காலத்தில் அரிது.

ஆனால் அக்குரலைக் கேட்பதற்கு வேண்டிய வால்வு வானொலிப் பெட்டி ஒரு தளபாடம் போன்றது. வால்வுகள் சூடேற மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்தில் பெரும் பற்றரி வேண்டும். கண்டி நகரத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் அது பாடியது. நகர எல்லையைக் கடந்து ஹந்தானை மலைச்சரிவில் ஏறியதும் மௌனமாயிற்று.

இங்கே ஒரு முரண்பாட்டைக் குறிப்பிடாமல் மேலே செல்லுதல் இயலாது. இலங்கையின் மின்சாரம் பிறந்ததே இம்மலைகளில்தான். டி. ஜே. விமலசுரேந்திர கண்ட கனவின்படி லக்‌ஷபானா நீர்மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. கண்டியை அடுத்த பொல்கொல்லையில் 1976 இல் மகாவலி திசை திருப்பப்பட்டது. கண்டிக்குக் கிழக்கே 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985 இல் திறக்கப்பட்டது. கொத்மலை அணையும் அதே ஆண்டில் நிறைவெய்தியது. இவ்வணைகளிலிருந்து கிளம்பிய மின்கம்பிகள் தேயிலைச் செடிகளின் தலைக்கு மேலாகவே கொழும்பை நோக்கி ஓடின. அச்செடிகளிலே கொழுந்து பறித்தவர்களின் லயங்களில், பெரும்பாலான தோட்டங்களில், இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகள் வரை குப்பி விளக்கே எரிந்தது. பாட்டுப் பெட்டி வாங்கச் சென்றவர் பற்றரியைப் பற்றி முதலில் கேட்டதன் காரணம் இதுவே.

அக்கேள்விக்கு முதன்முதலாகத் தக்க விடை தந்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கண்டுபிடிக்கப்பட்ட அச்சிறு பொருள், 1954 இல் அங்கு வெளிவந்த ரீஜென்சி பெட்டியாலும் மறு ஆண்டு முதல் ஜப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட பெட்டிகளாலும் உலகெங்கும் பரவிற்று. டோர்ச் விளக்குக்கு இடும் பற்றரி இரண்டோ நான்கோ இருந்தாற் போதும், வாரக்கணக்கில் பாடும். பற்றரி தளர்ந்தால் அதை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டிவிடும் உபாயத்தையும் மக்கள் அறிந்திருந்தனர். பெட்டிக்குள்ளே வானலையைப் பிடிப்பதற்கென அமைந்த கோல், அலை வரும் திசைக்குக் குறுக்காக நின்றால் நன்றாகக் கேட்கும். நேராக நின்றால் குரல் தேயும். இவ்விதியைப் புத்தகத்தில் படியாதவரும் பெட்டியை யன்னலோரத்தில் மெல்லத் திருப்பித் திருப்பிக் கொழும்பைக் கண்டுபிடித்தனர். இரவிலே மத்திய அலையில் 1939 முதல் ஒலிபரப்பி வந்த திருச்சி நிலையமும் வந்து சேரும். பாட்டன் நடந்து வந்த ஊர்ப்பக்கத்துச் செய்தி பேரனின் தலைமாட்டிலே கேட்டது.

டிரான்சிஸ்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் நுட்பங்கள் இருந்தன. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு பெட்டி அழகியது; ஆனால் அதன் ஒலிபெருக்கி சிறிது. தோல் உறையிட்ட பெரிய பெட்டி கனமானது. ஆனால் லயத்தின் ஒரு முனையில் வைத்தால் மறு முனையில் இருப்போரும் கேட்கலாம். மலையில் பெரிய பெட்டியே வென்றது. பாட்டைத் தனித்துக் கேட்பது என்ற வழக்கம் அங்கு இன்னும் தோன்றியிருக்கவில்லை. பத்து வீட்டுக்கு ஒரு பெட்டி. பத்து வீட்டுக்கும் ஒரே பாட்டு.

அறுபதுகளிலே அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்குப் பின் கட்டுப்பாடு மேலும் இறுகியது. உள்நாட்டில் பூட்டப்பட்ட பெட்டிகளே விற்றன. பழைய பெட்டியைப் பழுது பார்ப்பவருக்கு நகரிலே மதிப்பு மிகுந்தது.

அதே காலத்தில் பெட்டியின் சொந்தக்காரர்களின் நிலையே ஆட்டங்கண்டது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. குடும்பங்கள் கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வாசலிலே காத்து நின்றன; தலைமன்னாரிலே கப்பலேறின. எதை எடுத்துச் செல்வது, எதை விற்பது, எதை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்த பொருள்களின் வரிசையிலே வானொலிப் பெட்டியும் அடங்கும். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களிலே குடியமர்ந்தவர்களுக்கு அங்கும் மலையே வாய்த்தது. கொழும்புத் தமிழ் ஒலிபரப்பு அங்கும் எட்டியது. முன்பு இலங்கையிலிருந்து திருச்சியைத் தேடியவர், இப்போது இந்தியாவிலிருந்து கொழும்பைத் தேடினார். இலங்கையிலே தங்கியவர்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை நீண்டது.

1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்ட கசெட், இலங்கையில் பரவலாக மக்கள் கைக்கு வந்தது 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரே. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றோர் திரும்பும்போது வானொலியும் கசெட்டும் ஒன்றாயமைந்த பெட்டியைக் கொண்டுவந்தனர். கேட்பவர் தாம் விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில் கேட்கும் உரிமை அப்போதுதான் பிறந்தது. முன்னாளில் திருகோணமலை வீதி எனப்பட்ட இன்றைய டி. எஸ். சேனாநாயக்க வீதி முதலிய கடைத்தெருக்களுக்குச் சென்று, விருப்பமான பாடல்களின் பட்டியலைக் கொடுத்து வெற்று நாடாவில் பதிந்து பெறும் வழக்கம் வளர்ந்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரியுண்டன. அந்நகரின் வணிக வரலாற்றில் மறக்கவொண்ணாத அந்நாட்களைப் பாட்டின் கதையும் தாண்டிச் செல்ல முடியாது. கசெட்டுக்கு வேறொரு குறையும் இருந்தது. மோட்டாரைச் சுழற்ற வேண்டியிருந்ததால், அது டிரான்சிஸ்டரைவிடப் பன்மடங்கு பற்றரி குடித்தது. 1979 இல் சோனி வெளியிட்ட வாக்மன் உலகின் இளைஞரைத் தனித்துக் கேட்கப் பழக்கியபோதும், லயத்து அறைக்கு அது பொருந்தவில்லை. ஐவர் இருக்கும் அறையில் ஒருவர் காதுக்கு மட்டும் பாட்டு என்பது சற்றுச் சங்கடமான காரியமே.

இனி எண்முறை இசையின் காலம். ஒலியை இலக்கங்களாக எழுதி வைக்கும் இசைவட்டு 1982 இல் வந்தது. அதில் ஒரு வினாடி இசைக்கு ஒவ்வொரு காதுக்கும் 44,100 அளவீடுகள் எழுதப்படுகின்றன. ஒரு நிமிடப் பாட்டு ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தை அடைக்கும். அதைச் சுருக்கும் முறையை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்திலே கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலியோர் பிறருடன் சேர்ந்து உருவாக்கினர். 1995 இல் அதன் கோப்புகளுக்கு எம்.பி.3 என்னும் பெயர்க் குறி இடப்பட்டது. அம்முறையின் தத்துவம் கண்டி மக்களுக்கு எளிதில் விளங்கும். எசல பெரஹராவிலே மேளங்கள் முழங்கிச் செல்லும்போது அருகில் நிற்பவர் மெல்லச் சொல்லும் சொல் காதில் விழுவதில்லையன்றோ? அதுபோல, பெரிய ஓசையின் நிழலில் மறையும் சிற்றோசைகளை எழுதாமலே விட்டுவிட்டால், பாட்டு பத்தில் ஒரு பங்கு இடத்தில் அடங்கிவிடும்.

1998 இல் கொரியாவின் ‘எம்பி மேன்’ 32 மெகாபைட் நினைவகத்துடன் வந்தது. அதில் அரை மணி நேரப் பாட்டு அடங்கும். ஒரு கசெட்டின் ஒரு பக்கத்துக்குச் சமம். 2000 இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் வன்தட்டு கொண்ட கருவியைத் தந்தது. 2001 ஒக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபொட், ஆயிரம் பாட்டைச் சட்டைப்பையில் வைப்பதாகக் கூறி வெளிவந்தது. அதன் விலை 399 டொலர். அன்றைய இலங்கை நாணயத்தில் 36,000 ரூபா அளவு. கொழுந்து பறிப்பவரின் பல மாதச் சம்பளம் அது. விலையை விட்டாலும், அதற்குக் கணினி வேண்டும். கணினிக்கு மின்சாரம் வேண்டும். உள்ளிருக்கும் பற்றரி தீர்ந்தால் கடையில் வேறொன்று வாங்கிப் போடவும் முடியாது. உலகம் புகழ்ந்த அக்கருவி, மலைநாட்டின் பழைய கேள்விக்கு விடை கூறத் தவறிவிட்டது.

ஆகவே கண்டிக் கடைகளில் விலைபோனவை வேறு. சின்னஞ்சிறு பென்சில் பற்றரி ஒன்றில் ஓடும் பெயரறியாச் சீனக் கருவிகள் முதலில் வந்தன. நூற்றைம்பது பாட்டு அடங்கிய எம்.பி.3 வட்டுகள் வந்தன. இறுதியில் வென்றது, நினைவக அட்டை செருகும் வாயும் பண்பலை வானொலியும் கைப்பிடியும் ஒலிபெருக்கியும் கொண்ட சிறு பெட்டி. அதனோடு போட்டியிட்டது கைத்தொலைபேசி. அப்பெட்டியை உற்று நோக்குவோர்க்கு அது அறுபதுகளின் டிரான்சிஸ்டரே மறுபிறவி எடுத்து வந்ததாகத் தோன்றும்.

கணினி இல்லாதவருக்குத் தொலைபேசிக் கடையே பாட்டுக் களஞ்சியமாயிற்று. அட்டையைக் கொடுத்தால் சில ரூபாய்க்கு நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஏற்றித் தருவர். முன்னாளின் ஒலிப்பதிவு நிலையம் புதுக் கோலம் பூண்டது என்றே கொள்ளலாம். ஆயின் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய சில நுட்பங்கள் இங்கும் இருந்தன. நிறையப் பாட்டு ஏற்றும் ஆசையால், வினாடிக்கு 128 கிலோபிட் வேண்டிய இடத்தில் 64 ஆகக் குறைத்துச் சுருக்கினால், ஜால்ராவின் ஓசை நீருக்குள் சலசலப்பது போலாகிவிடும். நாதசுரத்தின் முனை மழுங்கும். ஒருமுறை சுருக்கியதை மீண்டும் பெரிதாக்கினாலும் இழந்த ஓசை திரும்பாது. 8 கிகாபைட் என்று முகத்தில் எழுதிய போலி அட்டைகளிலே பாதியளவும் இராது; எல்லை கடந்து ஏற்றிய பாட்டுகள் அழிந்தபின்பே அது தெரியவரும். ஆரம்பகாலக் கருவிகள் பலவற்றில் தமிழில் எழுதிய பாட்டின் பெயர் வெறுங்கட்டங்களாகவே தோன்றியமையால், தமிழ்ப் பாட்டுகள் ஆங்கில எழுத்திலே பெயரெழுதப்பட்டுத் தாறுமாறான எழுத்துக்கூட்டலுடன் நின்றன. ஒரே பாட்டு ஒரே அட்டையில் மூன்று பெயரில் இருந்ததற்கு இது காரணம்.

பண்பலை வானொலி உள்ள கருவியா என்று பார்த்து வாங்கியவர்கள் விவேகிகள். பண்பலை நேர்கோட்டிலே செல்வது. ஹந்தானை உச்சியிலுள்ள கோபுரம் தெரியும் சரிவில் தெளிவாகக் கேட்பது, அடுத்த மடுவில் இறங்கியதும் அறுந்துபோகும். சிறு கருவிகளிலே இயர்போனின் கம்பியே வானலை வாங்கும் கம்பியாகவும் பயன்படுவதால், அதைச் சுருட்டி வைத்தால் வானொலி எடுபடாது. யன்னலோரத்தில் பெட்டியைத் திருப்பிய பாட்டனின் பேரன், மலைப்பாதையிலே கம்பியை நீட்டிப் பிடித்து நடந்தான்.

2022 ஆம் ஆண்டிலே இவ்வரலாறு ஒரு வட்டமடித்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. அணைகளிலும் நீர் குறைந்திருந்தது. லயமும் நகரமும் ஒருங்கே இருளில் மூழ்கின. தொலைபேசி சில மணி நேரத்தில் ஓய்ந்தபோது, பரணிலே கிடந்த டிரான்சிஸ்டரைத் தூசு தட்டியெடுத்துப் பற்றரி போட்டவர் செய்தி கேட்டனர். அதே ஆண்டு மே 10 ஆம் திகதி, ஐபொட் உற்பத்தியை நிறுத்துவதாக ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது. இலங்கையில் அச்செய்தியைக் கவனிக்க எவருக்கும் அப்போது ஓய்வு இருந்திராது.

இவ்வளவு பெட்டிகளிலும் மலையேறிய பாட்டுகள் யாருடையவை என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அவை பெரும்பாலும் சென்னைத் திரைப்படப் பாடல்கள். தப்போடு நடந்துவந்த பாட்டுகளோ, கிராமபோன் நிறுவனத்தாருக்கு விற்பனைச் சரக்காகத் தோன்றவில்லை. தோட்டத்திலே பிறந்து எழுத்தாளராகவும் தொழிற்சங்கவாதியாகவும் வாழ்ந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அவற்றைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற நூலாக 1983 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார். நூலிலே சொற்கள் உள்ளன. பாடிய கிழவியின் மூச்சும், ஒப்பாரியிலே குரல் உடையும் இடமும் நூலில் ஏற வழியில்லை.

அச்சிறு எண்முறைக் கருவிகளில் பலவற்றிலே ஓர் ஓரத்தில் ஊசித் துவாரம்போல ஒரு சிறு ஒலிவாங்கி உண்டு. கேட்பதற்கென வாங்கப்பட்ட கருவி பதியவும் வல்லது என்பதை வாங்கியவர் பலர் கவனிப்பதில்லை. மாசி மாதத்திலே தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்து இராமுழுதும் நீள்வது. எட்டு மணி நேரத்தை நிமிடத்துக்கு ஒரு மெகாபைட்டாகப் பதிந்தாலும் 480 மெகாபைட்தான் ஆகும். ஒரு கிகாபைட் அட்டையில் இரண்டு இரவுக் கூத்து அடங்கும். அட்டை பழுதானால் எல்லாம் ஒருங்கே போய்விடுமாதலால், விடிந்ததும் வேறோர் அட்டையிலும் ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும். மற்றபடி, முகாரி பாடும் ரதிக்கு அருகே கருவியை வைக்கப் போகிறவர் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியது, அதன் பற்றரி விடியும்வரை தாங்குமா என்பதையே.